அப்டேட்டுக்குப் பிறகு இரவு பேக்கப் காலியாக வருகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் சர்வரை அப்டேட் செய்தபோது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் வெர்ஷன் 14-இலிருந்து 16-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து இரவு 2 மணிக்குக் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் புரோகிராம்) எடுக்கும் பேக்கப் ஃபைல் வெறும் 20 பைட்தான். உள்ளே ஒன்றும் இல்லை, ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப்பின் காலி உறை மட்டும். டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி_டம்ப் தோற்றாலும், ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப்பின் கடைசியில் உள்ள ஜிஜிப் நல்லபடியாக முடிந்துவிடுவதால், லாகில் தினமும் வெற்றி என்றே பதிவாகியிருக்கிறது. பிழைச் செய்திகளையும் நானே, எதையும் சேமிக்காமல் விழுங்கிவிடும் டெவ்நல்லுக்குத் திருப்பி வைத்திருந்தேன். ஒன்பது நாள் கழித்துத்தான் கவனித்தேன், வயிற்றைக் கலக்கிவிட்டது.

அதே ஸ்கிரிப்டை டெர்மினலில் ஓட்டினால் முழு பேக்கப் வருகிறது. பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் சேர்த்து, பிழைகளைத் தனி ஃபைலில் எழுத வைத்தேன். ‘சர்வர் வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று நிற்கிறது. கிரானின் பாத் (புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) மிகச் சுருக்கமானது என்பதால் பழைய 14-இன் பிஜி_டம்ப்பையே எடுக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போதைக்குக் கையால் ஒன்று எடுத்து வேறு மெஷினில் வைத்துவிட்டேன். ஸ்கிரிப்டில் முழுப் பாதையைக் கொடுப்பதா, கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபின் மேலே பாத் வரியைச் சேர்ப்பதா? அடுத்த அப்டேட்டில் எது உடையாமல் நிற்கும்? அப்புறம், பேக்கப் காலியாக இருந்தால் உடனே தெரிய நீங்கள் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?