ஒடிசா ஃபேமிலிக்கு மாடி போர்ஷன் குடுக்கலாமா? தெருவுல வேணாங்கறாங்க

தண்டையார்பேட்டை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல எங்க அம்மா பேர்ல ஒரு வீடு, கீழ நாங்க இருக்கோம், மாடில ஒரு போர்ஷன் காலியா கெடக்கு. மணலில வெல்டரா இருக்கற ஒடிசாக்காரர் ஒருத்தர் வந்து கேட்டாரு, அவரு, அவர் வீட்டம்மா, ஒரு பொண்ணு. பொண்ணு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல தமிழ் மீடியம், அம்மாகிட்ட எங்க ஏரியா பசங்க மாதிரியே பேசுச்சு. அட்வான்ஸ்கூட பேசி முடிச்சாச்சு. விஷயம் தெரிஞ்சதும் தெருவுல நாலஞ்சு பேர் வாசலுக்கே வந்துட்டாங்க, வடக்கனுக்கு வீடு விட்டா தெருவே நாறிடும், ஒரு ரூமுக்கு பத்து பேர் வந்து படுப்பானுங்க, பாக்கு போட்டு செவுத்துல துப்புவானுங்க, வயசுப் பொண்ணுங்க நடமாட முடியாதுன்னு. அந்தப் பொண்ணு அங்கயே நின்னுட்டு இருந்துச்சு, அவங்கப்பாவுக்குப் புரியல, அதுக்கு எல்லாமே புரிஞ்சுது.

எனக்கு எது தாங்கலன்னா, இதே ஆளுங்கதான் சவுகார்பேட்டை சேட்டுகிட்ட நகையை அடகு வெச்சுட்டு வந்து "நல்ல மனுஷன்"னு சொல்லுவாங்க. அவரும் வடக்குதானே, அவரை யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்ல. இனவெறின்னா வெள்ளைக்காரங்க கறுப்பர்களுக்குப் பண்றதுன்னுதான் ஸ்கூல்ல படிச்சேன். இங்க ரெண்டு பக்கமும் ஒரே நாடு, கலரும் ஒண்ணுதான், அப்ப இது என்ன? அம்மா ரொம்ப பயப்படறாங்க, நாளைக்கு ஒரு அவசரம்னா தெருக்காரங்கதானே வருவாங்கன்னு சொல்றாங்க. யோசனை சொல்லுங்க.

திருவொற்றியூர் பெயின்டர்:

சிஸ்டர், உங்க தெருக்காரங்கள ஒரேடியா தப்பு சொல்லாதீங்க. முன்னாடி ஒரு பில்டிங்னா நாங்க ஒரு செட்டா போய் கூலி பேசி எடுப்போம், இப்ப காண்ட்ராக்டர் எங்கள கூப்புடறதே இல்ல, ட்ரெயின்ல ஆளை இறக்கி சைட்டுலயே தகர ஷெட் போட்டு தங்க வெச்சுடறான், காலைல ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் வேலை, ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு கெடையாது. அந்த ரேட்டுக்கு எங்களால முடியாது, வாடகை கீது, புள்ளைங்க ஃபீஸ் கீது. அந்த வயித்தெரிச்சல்தான் வார்த்தையா வருது. ஆனா உங்ககிட்ட வந்தவரு குடும்பத்தோட வந்துகீறாரு, எங்களுக்கு இருக்கற செலவு எல்லாம் இனிமே அவருக்கும் இருக்கும், அவரு கம்மி கூலிக்கு சரின்னு தலையாட்ட முடியாது. அதனால குடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

வியாசர்பாடி ஹார்பர்:

தம்பி சொல்ற கஷ்டம் நெஜம், கோவம் போற எடம்தான் தப்பு. வெளி மாநில ஆளைக் கூட்டிட்டு வர காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கணும், அதே வேலை செய்ற உள்ளூர் ஆளுக்கு என்ன கூலியோ அதுக்குக் குறையக்கூடாதுன்னு 1979லயே சட்டம் வந்துச்சு. அதை ஒழுங்கா செஞ்சிருந்தா உன் வேலைக்கு எவனும் போட்டி கெடையாது. கம்மி ரேட் வெச்சது முதலாளி, திட்டு வாங்கறது தகர ஷெட்டுல படுக்கறவன்.

எங்க குடும்பம் பர்மா ரங்கூன்ல இருந்து வந்தது, வியாசர்பாடில எங்கள மாதிரி நெறைய பேர் இருக்கோம். 1930 மே மாசம் ரங்கூன் துறைமுகத்துல தெலுங்குக் கூலிங்க சம்பளம் கேட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க, கம்பெனிங்க பர்மாக்காரங்களக் கூட்டிட்டு வந்து வேலைய நடத்துச்சு, அப்புறம் இந்தியருங்களோட சமாதானம் ஆனதும் பர்மாக்காரங்கள போங்கன்னு சொல்லிடுச்சு. ரெண்டு பேரையும் ஏமாத்துனது கம்பெனி, ஆனா ரோட்டுல அடிச்சுக்கிட்டது கூலிங்கதான், நூத்துக்கு மேல இந்தியருங்க செத்தாங்க. அதுக்கப்புறம் பர்மால நே வின்ங்கற ராணுவத் தளபதியோட ஆட்சி, 1964ல கடை கண்ணி எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, லட்சக்கணக்குல ஜனங்க கப்பல் ஏறுனாங்க. அங்கயே பொறந்து பர்மா பாஷை பேசுனவங்களும்தான். இன்னைக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் நின்னு அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடற யாரும் அதை வெளியூர்க்காரன் சோறுன்னு தள்ளி வெக்கறதில்ல.

முன்னாள் சிங்கப்பூர்:

நான் சிங்கப்பூர்ல கன்ஸ்ட்ரக்ஷன்ல இருந்தவன், படிக்கப் படிக்க மனசு ஒரு மாதிரி ஆகுது. அங்க ஆன்லைன் வாடகை விளம்பரத்துல "இந்தியர் வேண்டாம், சீனாக்காரர் வேண்டாம்"னு போடறது நான் இருந்தப்ப சகஜம், அங்கயே பொறந்து வளந்த தமிழனுக்கும் வீடு கெடைக்கறது கஷ்டம், சில பேர் பேரைக் கேட்டதும் ஃபோனை வெச்சுடுவாங்க. இன்னொண்ணு கேளுங்க. 2008ல செராங்கூன் கார்டன்ஸ்னு வசதியானவங்க இருக்கற ஏரியா, அங்க தொழிலாளிங்களுக்கு டார்மிட்டரி வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் சுமார் 1,400 வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டு மனு குடுத்தாங்க. அவங்க சொன்ன காரணம் எல்லாம் உங்க வாசல்ல வந்து சொன்ன அதே காரணம்தான், திருட்டு, குப்பை, பொண்ணுங்க பாதுகாப்பு. கடைசில டார்மிட்டரி வந்துச்சு, ஆனா தொழிலாளிங்க அந்த வீட்டுங்க பக்கமா போகாம இருக்க தனி ரோடு போட்டுக் குடுத்தாங்க. அந்தத் தொழிலாளிங்கள்ல நம்ம புதுக்கோட்டை, சிவகங்கை பசங்க எவ்வளவு பேர் இருந்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க.

கலர் ஒண்ணுதானேன்னு கேட்டீங்க. 1965ல ஐ.நா. கொண்டு வந்த இனப்பாகுபாட்டு உடன்படிக்கைல நிறம் மட்டும் இல்ல, வம்சாவளி, எந்த இனக்குழுவுல இருந்து வந்தவன்ங்கறதும் சேர்த்துதான் சொல்லியிருக்கு, இந்தியாவும் அதை ஏத்துக்கிட்ட நாடு. நம்ம தெருப் பையன் செவுத்துல துப்புனா அவன் பேரைச் சொல்லித் திட்டறோம், ஒடிசாக்காரன் துப்புனா ஒரு மாநிலத்தையே திட்டறோம். அவன் துப்பலன்னாலும் திட்டறோம், உங்க விஷயத்துல அதான் நடந்திருக்கு. சேட்டுக்குக் காசு இருக்கு, அதனால தப்பிச்சாரு.

காசிமேடு வக்கீல்:

பயம் எங்க இருந்து வந்துச்சுன்னும் பாக்கணும். 2012 பிப்ரவரில வேளச்சேரில பேங்க் கொள்ளை கேஸ்ல அஞ்சு பேரை போலீஸ் சுட்டுச்சு, பெரும்பாலும் பீகார்க்காரங்க, அதுலருந்து வடக்குல இருந்து வந்து வாடகைக்கு இருந்த அத்தனை பேரும் சந்தேகக் கேஸ் ஆயிட்டாங்க. 2023 மார்ச்ல அதே மாதிரி எதிர்ப்பக்கம், தமிழ்நாட்டுல பீகாரிங்கள வெட்டறாங்கன்னு பொய் வீடியோ பரவி, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழு வந்து விசாரிச்சுட்டுப் போகற அளவுக்கு ஆச்சு. ஹோலிக்கு ஊருக்குப் போற கூட்டத்தைக் காட்டி தப்பிச்சு ஓடறாங்கன்னு போட்டாங்க. அந்த வாரம் என் க்ளையன்ட் ஒருத்தரோட ஒர்க்‌ஷாப்புல ஒடிசா பசங்க ஷட்டரை இறக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தாங்க.

வடசென்னைன்னு அட்ரஸ் குடுத்தாலே ரவுடியான்னு பாக்கற பார்வைய நம்ம எல்லாரும் இன்டர்வியூலயும் லோன் ஆபீஸ்லயும் பாத்திருக்கோம். உங்க தெருக்காரங்ககிட்ட இதைச் சண்டையா இல்லாம நேரா கேளுங்க, நெறைய பேருக்கு உறைக்கும்.

வீட்டு விஷயம் சிம்பிள். 2017 வாடகைச் சட்டப்படி எழுத்துல அக்ரிமென்ட் போட்டு பதிவு பண்ணுங்க, எத்தனை பேர் தங்குவாங்கன்னு அதுலயே எழுதுங்க, ஸ்டேஷன்ல வாடகைதாரர் விவரம் குடுத்துடுங்க. எல்லாரையும் எப்படிக் கேப்பீங்களோ அதே பேப்பர்தான், அவருக்குன்னு எக்ஸ்ட்ராவா ஒண்ணும் கேக்காதீங்க.

தண்டையார்பேட்டை மகள்:

ரொம்ப தேங்க்ஸ். அம்மாவுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன், சிங்கப்பூர் அண்ணா எழுதுனதை ரெண்டு தடவ படிக்கச் சொன்னாங்க, எங்க மாமா பையனும் அங்கதான் இருக்கான். ஞாயித்துக்கெழமை அக்ரிமென்ட் போடறோம். எதிர்வீட்டுக்காரர் இன்னும் மொறைச்சுட்டுதான் இருக்காரு, அவர்கிட்ட அம்மாவே பேசறேன்னு சொல்லியிருக்காங்க.

வியாசர்பாடி ஹார்பர்:

சந்தோஷம்மா. அந்த வெல்டருக்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கறாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டு வைம்மா. பேஸ்லிப்பே குடுக்கலன்னா இங்க எழுது, மணலில எங்க யூனியன் ஆளுங்க இருக்காங்க, நான் பேசறேன். பெயின்டர் தம்பி, நீயும் வா, உன் காண்ட்ராக்டர் லைசென்ஸ் வெச்சிருக்கானான்னு பாத்துடலாம்.