மெயிலில் வந்த 'கிராண்டட்'

ராயபுரத்திலிருந்து:
பாரிமுனைப் பக்கம், கப்பல் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்தபோது நடந்தது. அத்தை மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டு மேனேஜருக்கு மெயில் போட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த அதே 'கைண்ட்லி கிராண்ட் மி லீவ்'தான். மத்தியானம் பீச் ஸ்டேஷன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன், போனில் பதில் வந்தது. திரையில் தெரிந்தது 'கிராண்டட்', பக்கத்தில் ஒரு கமா. கமாவை யார் பார்ப்பது? கிளாஸைக் கீழே வைக்காமலே நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

சாயங்காலம்தான் முழுசாகப் படித்தேன். 'கிராண்டட், இட்ஸ் எ ஃபேமிலி ஃபங்ஷன். பட் தி வெசல் இஸ் டியூ ஆன் ஃப்ரைடே.' நாம் "வாஸ்தவம்தான், ஆனா..." என்று இழுப்போமே, அந்த கிராண்டட்! வெள்ளிக்கிழமை கப்பல் வருகிறது, லீவு கிடையாது. கேன்சல் செய்ததில் பிடித்தது போக மிச்சம்தான் வந்தது. அத்தை அதற்கப்புறம் ஆறு மாசம் பேசவில்லை.

திருவொற்றியூரிலிருந்து:
அண்ணே, உங்களுக்கு லீவுதான் கிராண்ட் ஆகவில்லை, எங்கள் ஊரே கிராண்ட் ஆன ஊர். 1708இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார்: திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். அதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'கிராண்ட்'தான் பொருத்தம். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் மீன்குழம்பு கொடுத்தால் அது கிவ். பிள்ளையை விளையாட விட்டால் அலவ். அதிகாரம் உள்ளவர், கேட்டவருக்குப் பார்த்துக் கொடுத்தால்தான் கிராண்ட். நிலம் என்றால் நாம் மானியம் என்போம். உங்கள் மேனேஜர் கிராண்டட்டும் இதே சொல்தான். இதன் வேர் 'நம்பு' என்று பொருள்படும் லத்தீன் 'க்ரேதெரே'. நீங்கள் சொல்வதை நம்பி ஒப்புக்கொண்டார், லீவை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
எங்கள் வீட்டில் குழப்பம் வேறு மாதிரி. காலேஜ் ப்ராஜெக்டுக்கு கிராண்ட் கிடைத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். கடைசியில் வருவது பண உதவிக்கான T-யா, தடபுடலுக்கான D-யா என்று தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்டவா முடியும்?

"இன்னாடா கிராண்டு? எப்போ ஃபங்ஷன்?"

"ஃபங்ஷன் இல்லம்மா, பணம் தராங்க."

"அப்போ எம்.சி. ரோட்டுல ஒரு பொடவ எடுத்துடலாம்."