மறு: டில்லரிங்குக்குத் தமிழ் – "வணக்கு" என்று வைத்தால் என்ன?

அனைவருக்கும்,

வில் செய்யும் கலைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் பேச்சில், ரிகர்வ் வில்லுக்கு "எதிர்வளை வில்" என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டதில் எனக்கு முழுச் சம்மதம். நாண் பூட்டாமல் வைத்தால் நுனி இரண்டும் எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக, இலக்கைப் பார்த்து வளைந்து நிற்கும். சொல் அதை அப்படியே காட்டுகிறது. "மீள்வளை" என்றால் மீண்டும் வளைவதா, திரும்பி வளைவதா என்று கேட்பார்கள். "இரட்டை வளைவு" என்றால் எந்தப் பக்கம் என்ற விவரமே போய்விடும். விற்கையின், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியின், பக்கங்களை அகம் (எய்பவர் பக்கம்), புறம் (இலக்குப் பக்கம்) என்று பிரித்ததும் நன்று. ஆங்கிலத்தில் இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. அதை அப்படியே இழுத்து வந்தால் வில்லுக்கு முகம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும், நமக்கு எதற்கு அந்த வம்பு. நாண் மாட்டும் வெட்டுக்குக் "குதை" அகராதியிலேயே கிடக்கிறது, அதில் சண்டை இல்லை.

எனக்கு ஒவ்வாதது டில்லரிங்குக்கு, அதாவது விற்கைகள் வேண்டியபடி வளையும்வரை மரத்தைச் சுரண்டி இளைக்கும் வேலைக்கு, வந்த பரிந்துரைகள்தான்.

> சமனாக்கல் என்றே வைத்துவிடலாம். இரண்டு கையும் சமமாக வளையச் செய்வதுதானே வேலை?

இல்லை ஐயா, அதுதான் வேலை இல்லை. பிடி நடுவில் இருக்கிறது, அம்பு பிடிக்கு மேலே ஏறி உட்காருகிறது, விரல்களில் ஒன்று அம்புக்கு மேலும் இரண்டு கீழும் நாணைப் பிடிக்கின்றன. இழுவை சரிநடுவில் விழுவதில்லை. அதனால் கீழ்க்கையைக் கொஞ்சம் விறைப்பாக விடுவார்கள். நாண் பூட்டிய நிலையில் கையின் அடியிலிருந்து நாண் வரை அளந்தால் மேற்கையில் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை கூடுதலாக இருக்கும். அதாவது வேண்டுமென்றே வைத்த ஏற்றத்தாழ்வு. அதற்குப் போய்ச் "சமன்" என்று பெயர் வைத்தால் படிக்கிறவர் தப்பான இடத்தில் சுரண்டுவார், வில் போய்விடும்.

செய்கிற வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் எழுதுகிறேன், சொல் அதிலிருந்து வரட்டும். நான் இருப்பது டெக்சாஸில், இங்கே வில்லுக்குப் பேர்போனது ஓசேஜ் ஆரஞ்சு மரம். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சா மாநிலங்கள் கூடும் சிவப்பாற்றுப் பக்கம்தான் அதன் சொந்த ஊர். பிரெஞ்சுக்காரர்கள் "புவா தார்க்", வில்மரம், என்று கூப்பிட்டது உள்ளூர் வாயில் "போடார்க்" ஆகிவிட்டது. முள்கம்பி வருவதற்கு முன் இதைத்தான் உயிர்வேலியாக வைத்தார்கள். நம் பலாவும் இதுவும் ஒரே குடும்பம். உள்ளே வெட்டினால் அதே மஞ்சள் வைரம், வெயில் பட்டுப் பட்டு அப்புறம் பழுப்பாகும்.

இரண்டு பக்கமும் பிடி வைத்த சீவுகத்தியால் பட்டையையும் வெளிறையும் எடுத்துவிட்டு, வைரத்தில் ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, நுனியிலிருந்து நுனி வரை அந்த ஒரே வளையம் புறமாக இருக்கும்படி சீவிக்கொண்டே போக வேண்டும். வசந்தத்தில் வளர்ந்த மரம் பொரபொரவென்று துளைகளோடு இருக்கும், கத்தி அதில் ஓடும்போது நறநறவென்று கேட்கும். அதற்கு அடியில் கோடையில் வளர்ந்த கெட்டி மரம் வந்ததும் சத்தம் அடங்கிக் கத்தி வழுக்கும். அங்கே நிறுத்த வேண்டும். கணு வந்தால் வளையம் மேடாக ஏறி இறங்கும், கத்தியும் கூடவே ஏறி இறங்க வேண்டியதுதான். வளைக்கும்போது புறத்தில் இழுவிசை, அகத்தில் அமுக்கம். புறத்து வளையம் எங்கேயாவது அறுபட்டிருந்தால் அங்கிருந்து சிலாம்பு கிளம்பி வில்லே பிளக்கும். ஆகவே இதற்குமேல் எவ்வளவு கனம் குறைத்தாலும் அகத்தில் மட்டும்தான்.

அடுத்து நுனி. கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்ட வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஆவியிலிருந்து எடுத்த நொடியில் அச்சுக்கட்டையில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும், கொஞ்சம் யோசித்தால்கூட மரம் விறைத்துவிடும். எதிர்வளை வில்லில் தொல்லை பிடித்த இடம் இதுதான். நுனி ஒரு நூல் திருகிப்போனாலும் நாண் நடுவில் உட்காராமல் பக்கவாட்டில் நழுவும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் டில்லரிங். வில்லின் பிடியைச் சுவரில் அறைந்த கட்டையின் மேல் வைத்து, நாணில் கயிறு கட்டிக் கீழே உருளை வழியாக இழுத்து, தள்ளி நின்று பார்ப்பார்கள். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு, இறக்கி அகத்தில் நாலு சுரண்டு, திரும்ப மாட்டி இருபது முப்பது முறை மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி பார்வை. சுரண்டியது உடனே தெரியாது, மரம் இழுபட்ட பிறகுதான் காட்டும். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதி. கனம் அப்படி இல்லை, விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், கனத்தில் 10 சதவீதம் எடுத்தால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். ஒரே இடத்தில் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் அந்த இடம் கீல் மாதிரி மடங்கத் தொடங்கும். மரத்தைத் திரும்ப ஒட்டவா முடியும்? மிச்ச நீளம் முழுவதையும் அந்த இடத்துக்கு ஏற்ப இளைக்க வேண்டும், இழுக்க 50 பவுண்டு விசை கேட்கும் வில் என்று தொடங்கியது 35இல் வந்து நிற்கும்.

ஆக இந்த வேலையில் நடப்பது திருத்தம் இல்லை, சமன் இல்லை. முரட்டுக் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைய இசையச் செய்வது. இதற்குத் தமிழில் வினை இருக்கிறதே, வணக்குதல். வணங்கு தன்வினை, வணக்கு பிறவினை. "வில்வணக்கம் தீங்கு குறித்தமையான்" என்று 827ஆம் குறளில் வில் வளைவதற்கே இந்தச் சொல்லைத்தான் வள்ளுவர் போட்டிருக்கிறார், பகைவன் சொல்லில் காட்டும் பணிவை நம்பாதே என்று சொல்ல வந்த இடத்தில். இதைவிடப் பொருத்தமான சான்று நமக்கு வேறென்ன வேண்டும்?

கேலி வரும், தெரியும். "வில்லுக்கு வணக்கம் வைக்கிறீர்களா" என்று முதல் ஆள் கேட்பார். கேட்கட்டும். பெயர்ச்சொல்லை "வணக்கம்" என்று வைக்காமல் "வணக்கு" என்று நிறுத்திக்கொண்டால் குழப்பம் பெரிதாக வராது. கிளைச்சொற்களும் இதிலிருந்து சிரமமில்லாமல் பிறக்கின்றன. இழுத்துப் பார்க்கும் கட்டை வணக்குக்கட்டை, மேலே சொன்ன மில்லிமீட்டர்க் கணக்கு வணக்கு வேறுபாடு. "சமனாக்கல் வேறுபாடு" என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

> படகின் டில்லர் சுக்கான்பிடி, அதை ஒட்டி ஏதாவது அமைக்கலாமே

இது தலைகீழ். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறுக்குவில்லின் (கிராஸ்போ) கட்டையைத்தான் குறித்தது, படகுக்குப் பின்னால்தான் போனது. படகிலிருந்து நாம் ஏன் வில்லுக்குத் திரும்பி வர வேண்டும்.

"பழக்குதல்" என்று எழுதியவர் சொன்னது எனக்குப் பிடித்தது, ஆனால் முழு வேலைக்கும் அது போதாது. சுரண்டிய பின் இருபது முப்பது முறை இழுத்துவிடுகிறோமே, அந்தப் பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். வணக்கும்போது இடையிடையே பழக்க வேண்டும் என்று எழுதினால் புரியாதவர் யார்?

நாண் கழற்றிய பிறகும் வில் நிமிராமல் எய்பவர் பக்கம் சாய்ந்தே நின்றுவிடும் குறைக்கு "நிலைத்த உருத்திரிபு" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாடநூலுக்குச் சரி, பட்டறைக்கு ஆகாது. கூன் என்று சொல்லுங்கள் போதும். ஈரம் காயாத மரத்தில் வில் செய்தால் கூன் விழும், இவ்வளவுதானே விஷயம்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. நாண் பூட்டிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள தொலைவு. ஆங்கிலத்தில் உயரம் என்று சொல்வதால் இங்கேயும் "நாண் உயரம்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் வில்லைக் கையில் நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது அது உயரமே இல்லை, கிடையாக இருக்கும் இடைவெளி. மூடிய கைமுட்டியைப் பிடியின் மேல் வைத்துக் கட்டைவிரலை நீட்டினால் நாணைத் தொட வேண்டும் என்பது பழைய அளவு, 6 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். "நாணிடை" என்று எழுதிப் பார்த்தேன், எனக்குச் சரியாகத்தான் படுகிறது, ஆனால் நாணின் நடுப்பகுதி என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற ஐயமும் இருக்கிறது. வேறு சொல் இருப்பவர்கள் சொல்லுங்கள்.