கெஃப்யுன் உழுத நிலத்தை மேப்பில் எங்கே குறிப்பது?

வணக்கம். ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளான சாகாக்களில் வரும் இடங்களை ஒரு மேப்பில் குறித்து வருகிறேன். ந்யால் சாகா சுலபமாக முடிந்தது. ந்யாலை வீட்டோடு எரித்த பெர்க்தோர்ஷ்வோல், ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் குன்னார் திரும்பிய ஹ்லீதரெண்டி எல்லாம் இன்றும் அதே பெயரில் இருக்கின்றன. புராணத்துக்கு வந்ததும்தான் மாட்டிக்கொண்டேன். கெஃப்யுன் தேவி நான்கு எருதுகளைப் பூட்டி ஸ்வீடனில் உழுது பெயர்த்த மண்தான் டென்மார்க்கின் சேலாந்து தீவாம், பள்ளம் ஏரியானதாம். இந்தக் கதையை எழுதிவைத்த பழைய ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்நோரி சொல்வது மேலாரன் ஏரி. தீவின் வடிவமோ வேனர்ன் ஏரியோடுதான் ஒத்துப்போகிறது (என் கண்ணுக்கு!). எதில் புள்ளி வைக்க?

நார்ஸ் மக்கள் (பழைய ஸ்காண்டிநேவியர்கள்) வட அமெரிக்காவில் போய்ச் சேர்ந்ததாகச் சாகாக்கள் சொல்லும் வின்லாந்து இன்னும் மோசம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் 1960-இல் நார்ஸ் குடியிருப்பைக் கண்டுபிடித்தார்கள், சரி. ஆனால் சாகா சொல்லும் காட்டுத் திராட்சை அங்கே விளையாதே! புள்ளிக்குப் பதில் ஒரு பரப்பாக நிழலிட்டுக் காட்ட முடியுமா? கியூஜிஐஎஸ் (மேப் தயாரிக்கும் மென்பொருள்) தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.