கிணற்றில் விட்ட கிளைடர் மேலே வரவில்லை, என்ன செய்யலாம்?

பாலாற்றுக்கரை, காட்பாடி
கல்லூரி புராஜெக்டுக்கு நீரடி கிளைடர் செய்கிறோம்; அதாவது சுழலி இல்லாமல், மிதப்பையும் சாய்வையும் மாற்றியே நீருக்குள் இறங்கி ஏறி முன்னே போகும் கருவி. 110 மி.மீ. பிவிசி குழாய், 1.2 மீட்டர் நீளம், கொள்ளளவு 11.4 லிட்டர். நடுவில் இரண்டு 60 மி.லி. சிரிஞ்சு: தண்ணீரை உள்ளே இழுத்தால் இறங்கும், வெளியே தள்ளினால் ஏறும். தள்ள ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழல்வது). மூக்கைச் சாய்க்க 1 கிலோ பேட்டரி 2 செ.மீ. நகரும். அடியில் 2 கிலோ ஈயம். ஆற்காடு பக்கம் ஒரு கிணற்றில் விட்டால் மூக்கு சாயாமல் படுத்தபடியே இறங்குகிறது. 4 மீட்டரில் சிரிஞ்சைக் காலி செய்தாலும் ஏறவில்லை. டிசம்பரில் சென்னைக் கடலில் விட வேண்டும்.

லேத்_ராணிப்பேட்டை
தம்பி, சாயாததற்கு அந்த ஈயம்தான் காரணம். எடை மையம் மிதப்பு மையத்துக்கு 20 மி.மீ. கீழே இருந்தால் உங்கள் பேட்டரி 5 டிகிரிதான் சாய்க்கும். மொத்த எடையை மாற்றாமல் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, இடைவெளியை 10 மி.மீ. ஆக்குங்கள். அதற்கும் கீழே போனால் உருள ஆரம்பிக்கும்.

சிரிஞ்சு நடுவில் இருக்கவே கூடாது, மூக்குக்கு மாற்றுங்கள். கடல் ஆய்வுக்குப் பயன்படும் ஸ்லோகம் கிளைடரிலும் பம்ப் மூக்கில்தான். சாய்வில் பெரும்பங்கு அதனுடையது, பேட்டரி நுணுக்கத் திருத்தத்துக்கு. நடுவிலிருந்து 50 செ.மீ. தள்ளி 60 கிராம் தண்ணீர் ஏறினால், பேட்டரி 3 செ.மீ. நகர்ந்ததற்குச் சமம். இரண்டும் சேர்ந்து 24 டிகிரி தரும்.

ஆழமானி
ஏறாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எது என்று தூக்குத் தராசே சொல்லிவிடும். கிளைடரோடு அரைக் கிலோ ஈயம் கூடுதலாகக் கட்டி, நைலான் கயிற்றில் 4 மீட்டரில் தொங்கவிடுங்கள். சிரிஞ்சு நிறைந்திருக்கும்போதும் காலியானபோதும் எடை பாருங்கள். வித்தியாசம் 120 கிராம் வரவேண்டும்.

குறைந்தால் மோட்டார் ஸ்டெப் தவறவிடுகிறது, அதாவது சொன்ன அளவு சுழலவில்லை. அந்த ஆழத்தில் ஒவ்வொரு பிஸ்டனையும் தண்ணீர் 2 கிலோவுக்கு மேல் அழுத்தும், ரப்பர் உராய்வு வேறு. ஸ்டெப் எண்ணிக்கையை நம்பாதீர்கள், பிஸ்டன் முனையைத் தொட்டதும் தெரிவிக்கும் லிமிட் ஸ்விட்சை இரு முனையிலும் வையுங்கள்.

120 சரியாக வந்தும், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பார்த்ததைவிட இரண்டு எடையும் கூடியிருந்தால், வால் மூடியிலோ இறக்கையிலோ காற்று சிக்கியிருக்கிறது. மேலே 100 மி.லி. இருந்த காற்று 4 மீட்டரில் 72 ஆகிவிடும். 28 கிராம் மிதப்பு போச்சு. சிரிஞ்சு பாதி நிறைந்த நிலையிலிருந்து கணக்கிட்டால் உங்களிடம் இருப்பதே ±60 கிராம்! மூடிகளின் உச்சியில் 6 மி.மீ. துளை போடுங்கள்.

பாலாற்றுக்கரை, காட்பாடி
நன்றி அண்ணா. கடலுக்கு எவ்வளவு எடை கூட்டணும்?

ஆழமானி
கிணற்று நீர் லிட்டருக்கு 997 கிராம், கடல் 1022 என்று வைத்தால் 285 கிராம். ஆனால் அந்த 1022-ஐ நம்பி டிசம்பரில் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து ஆற்று நீர் கலந்த உப்புக் குறைந்த நீரைத் தெற்கே கொண்டுவரும். அது மேலடுக்கு; அடியில் உப்பு அதிகம். இரண்டுக்கும் லிட்டருக்கு 5 கிராம் வித்தியாசம் இருந்தாலே 57 கிராம், அதாவது உங்கள் சிரிஞ்சின் மொத்த பலமும் அதற்கே சரியாகிவிடும். மேலடுக்கு நீருக்கு ஏற்ப எடை கட்டினால் அடியடுக்கில் நுழையாமல் மிதந்து நிற்கும். 50 லிட்டர் ஆய்வுக் கிளைடருக்கும் இதே கணக்குதான், 250 கிராம். நான்கு சிரிஞ்சாவது போடுங்கள்.

கடலுக்கு ஏற்ற எடை கட்டிப் பார்க்க வேலூரிலேயே 1,000 லிட்டர் சிமென்ட் தொட்டியில் சுமார் 35 கிலோ கல் உப்பைக் கரையுங்கள். கல் உப்பில் ஈரம் இருக்கும், அதனால் ஹைட்ரோமீட்டர் (நீரின் அடர்த்தி அளக்கும் மானி) பார்த்தே அடர்த்தியைச் சரிசெய்யுங்கள். கடலில் விடும் நாளில் அங்குள்ள நீரையும் அதே மானியில் அளந்து, கடைசி 50 கிராமைப் படகிலேயே கூட்டிக் குறையுங்கள். முதல் முழுக்குக்குக் கயிறு கட்டாமல் விடவே கூடாது.