மிலான் கொன்சுலேட்டுக்கு மாற்றம்: வீடு எடுக்கும்போது எதைப் பார்க்கிறது?

வாவிக்கரை:
அத்தானுக்கு மிலான் கொன்சுலேட்டுக்கு மாற்றம். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் கூடப் போறாங்க. மட்டக்களப்பில மதில், கேட், நாய் எண்டு இருந்த ஆக்கள், அங்க ஃபிளாட். அரச அதிகாரி வீடு எண்டா பொலிஸ் காவல் கிடைக்குமா? வீட்டில எதைப் பார்க்கணும்?

கல்லடிப்பாலம்:
காவலை நம்ப வேணாம் தம்பி. தூதரகத்துக்கு ஒரு சட்டம், கொன்சுலேட்டுக்கு வேற சட்டம். 1961 வியன்னா உடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரைப்படி, ராஜதந்திரியின்ர வீட்டுக்கும் தூதரகக் கட்டடத்துக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. கொன்சுலேட்டுக்குரியது 1963 உடன்படிக்கை. அதில 31 அலுவலகத்தைக் காக்குது, 40 அதிகாரியின்ர ஆளையும் சுதந்திரத்தையும் மரியாதையையும் காக்குது. வீட்டுக்கு அந்தக் காப்பு இல்ல. கதவை உடைச்சா எல்லாரையும் போல 112 எண்ட அவசர இலக்கத்துக்குத்தான் அடிக்கணும்.

கீழ்த்தளம் வேணாம். முதலாம் மாடியும் யோசிச்சுத்தான், தண்ணிக் குழாயைப் பிடிச்சு பல்கனிக்கு ஏறலாம். கடைசி மாடிக்குக் கூரையால இறங்குவாங்க.

திறப்புக்கொத்து:
கதவைப் பத்தி நான் சொல்றன். அங்க 'போர்த்தா பிளிந்தாத்தா' எண்டு உருக்குத் தகடு வச்ச கதவு இருக்கும். உள் விளிம்பு லேபிளில வகுப்பு 3 எண்டு இருந்தா நல்லம், அது உடைப்புச் சோதனையில 5 நிமிசம் தாக்குப்பிடிச்ச கதவு. ஆனா தகட்டைப் பார்த்து மயங்க வேணாம், கள்ளன் பார்க்கிறது பூட்டை. இரண்டு பக்கமும் சிறகு வச்ச நீளத் திறப்பு போடுற பழைய பூட்டெண்டா, கீறல் கூட விழாமத் திறக்கிற கருவி இருக்கு. அதைக் கழட்டி சிலிண்டர் பூட்டுக்கு மாத்தச் சொல்லுங்க.

சிலிண்டரும், அதாவது திறப்பு போடுற உருளை, வெளித்தகட்டை விட்டு 3 மில்லிமீற்றருக்கு மேல நீட்டக் கூடாது. நீட்டினா குறட்டால பிடிச்சு முறிப்பான், நடுவில ஸ்குரூ போற ஓட்டையடியில ரெண்டா உடையும். குடிபோற அண்டே புது சிலிண்டர். பழைய திறப்பு எத்தனை பேரிட்ட இருக்கெண்டு வீட்டுக்காரருக்கே தெரியாது.

வாவிக்கரை:
யன்னலுக்கு நம்மட ஊர் மாதிரி கிரில் அடிக்கலாமா?

கல்லடிப்பாலம்:
அடிக்கலாம், ஆனா வெல்ட் பண்ணி மூட வேணாம். நெருப்பெண்டா வெளிய வர ஏலாது. படுக்கையறையில ஒண்டாவது உள்ளுக்க இருந்து திறக்கிற மாதிரி வேணும், அதின்ர திறப்பு பிள்ளைகளுக்கும் எட்டுற இடத்தில, யன்னலுக்கு வெளிய இருந்து கை எட்டாத தூரத்தில.

திறப்புக்கொத்து:
வாசல் மணிப் பலகையில குடும்பப் பேர் மட்டும், பதவி வேணாம். வீடு திரும்பக்குள்ள கதவிடுக்கைப் பாருங்க. மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகி இருந்தா, கதவு திறபடுதா இல்லையா, வீட்டில ஆள் இருக்கா எண்டு ஆரோ பார்க்கிறாங்க. படம் எடுத்துட்டு 112க்கும் கொன்சுலேட்டுக்கும் சொல்லுங்க. அக்கா லீவுக்கு ஊருக்கு வந்து நிக்கிற நாளில கல்லடிக் கடற்கரைப் படத்தைப் பேஸ்புக்கில போட்டாலும் வீட்டில ஆளில்லை எண்டு காட்டிக் குடுக்கிற கதைதான், திரும்பிப் போன பிறகு போடட்டும்.