கரிசல் சேறு ஒட்டாம இருக்க அடியில வேஸ்ட் ஆயில் அடிக்கலாமா?

கரிசக்காட்டு டிரைவர்:
விளாத்திகுளம் பக்கம், பொலிரோ கேம்பர் 4வீல் வண்டி. கார்த்திகை மழைல உரமூட்டை ஏத்திக்கிட்டு காட்டுக்குள்ள இறங்குனா அரை கிலோமீட்டர் போறதுக்குள்ள டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல சேறு அடைச்சு சக்கரமே சுத்த மாட்டேங்குது, போன வாரம் கடப்பாரைய விட்டுக் குத்தி எடுத்தேன். வாட்டர் சர்வீஸ்காரர் வேஸ்ட் ஆயிலும் டீசலும் கலந்து அடியில அடிச்சுட்டா ஒட்டவே ஒட்டாதுங்கிறார். அடிக்கலாமா?

செம்மண்பூமி:
யோசிக்காம அடிங்கண்ணே. புதுக்கோட்டைல பத்து வருசமா மழைக்கு முன்னாடி அடிச்சுட்டுதான் இருக்கேன், தண்ணிய பீய்ச்சினா மண்ணு தானா வழுக்கி விழுந்துரும், துருவும் கிடையாது.

பழைய பட்டறை:
தயவுசெஞ்சு வேணாம். அடியில சஸ்பென்ஷன் இணைப்புகள்ல இருக்கிற புஷ் எல்லாம் ரப்பர், ஆயில்ல ஊறினா உப்பி நொளநொளன்னு ஆயிரும். முன்னாடி டிஸ்க்ல பட்டாலோ பின்னாடி டிரம்முக்குள்ள போனாலோ பிரேக் பிடிக்காது. கோடைல அதே எண்ணெய்ல புழுதி ஒட்டி பசையா நிக்கும், அதுமேல அடுத்த மழை சேறு ஏறும். மிச்சம் வழியிற ஆயில் எங்க போகும்? அவரு காட்டுக்குத்தான்.

செம்மண்பூமி:
டிஸ்க்க பாலித்தீன் கவர் கட்டி மறைச்சுட்டு அடிக்கணும்ங்க, அது கூடவா தெரியாம பட்டறை வச்சிருக்கீங்க? என் வண்டில இன்னிக்கு வரைக்கும் ஒரு புஷ் மாத்தல.

பழைய பட்டறை:
உங்க மண்ணு காய்ஞ்சா உதிர்ற மண்ணு பாஸ், அதான் தப்பிக்கிறீங்க. கரிசல் அப்படியா? அதுல இருக்கிற மாண்ட்மோரிலோனைட் களி தண்ணிய குடிச்சு ஊதும், செருப்போட நாலு எட்டு வச்சாலே காலு யானைக்கால் ஆயிரும். ஈரத்துல சேறு சேத்தோடயே ஒட்டிக்கிட்டு வளரும், இரும்பு மேல எண்ணெய் தடவி என்ன பண்ண?

எஸ்டேட் ஜீப்:
ரெண்டு பேரும் சண்டைய நிறுத்துங்க. அண்ணே, டயர் கம்பெனி சைஸா?

கரிசக்காட்டு டிரைவர்:
இல்லங்க, ஒரு சைஸ் பெருசு. எடுப்பா இருக்கும்னு டயர் கடைல சொன்னாங்க.

எஸ்டேட் ஜீப்:
அங்கதான் கோளாறு. மட்கார்டுக்கும் டயருக்கும் இருந்த இடைவெளிய டயரே தின்னுருச்சு, சேறு விழ வழியில்ல. பழைய சைஸ்லயே, டயர் கட்டைகளுக்கு நடுவுல இடைவெளி அகலமா இருக்கிற மட் டெரெயின் டயர் (சேத்துக்குன்னே வர்றது) போடுங்க. அதுவும் சக்கரம் கொஞ்சம் வேகமா சுத்துனாத்தான் சேத்த எறியும், உருட்டிக்கிட்டே போனா அதுவும் அடைச்சுக்கும், வால்பாறைல எனக்கே நடந்துருக்கு.

பழைய பட்டறை:
இத ஒத்துக்கிறேன். வண்டில ஒரு களைக்கொத்தி போட்டு வைங்க, காட்ட விட்டு ஏறுனதும் ஈரத்தோட வழிச்சு விட்டுருங்க, காய விட்டீங்கன்னா செங்கல்தான். ரிம்முக்கு உள்பக்கமும் பாருங்க, ஒரு பக்கமா சேறு நின்னா தார் ரோட்ல ஸ்டியரிங் ஆடும், நம்மாளு உடனே அலைன்மென்ட்டுக்கு ஓடுவாரு. பிரஷர் கன்ன சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப் சீல்கிட்டயும் ரேடியேட்டர்கிட்டயும் ஒட்டிப் பிடிக்காதீங்க, சீலுக்குள்ள தண்ணி போயிரும், ரேடியேட்டர் தகடு மடங்கிரும்.

செம்மண்பூமி:
மழைல நின்னு களைக்கொத்தியால சொரண்டிக்கிட்டு இருக்கச் சொல்றீங்க, நல்லா இருக்கு. நான் ஆயில்தான் அடிப்பேன்.

கரிசக்காட்டு டிரைவர்:
களைக்கொத்தி வீட்லயே கிடக்கு, அது போதும். அந்தப் பெரிய டயர் ஆறாயிரம் கிலோமீட்டர் கூட ஓடல, யாருக்காவது வேணுமா?

செம்மண்பூமி:
சைஸ் என்னண்ணே?